நாற்காலியின் நான்காவது ரப்பர்

திங்கட்கிழமை வேலைக்குச் சேரப்போகும் உங்கள் இருவருக்கும்.

இருபத்தெட்டு வயதில் ஒருவன் "என் அனுபவத்தில்" என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் முதலாளி எழுதச் சொல்லிவிட்டார். தாம்பரத்தில் இந்த ஒர்க்‌ஷாப்பில் ஐந்து வருடம் இருந்துவிட்டு இந்த வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறேன். ஓய்வு என்பது அவருடைய சொல். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வரைபடம் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. கையில் கிரீஸ் படாத எந்த வேலையும் அவர் கணக்கில் ஓய்வுதான்.

"புதுசா வர்ற ரெண்டு பேருக்கும் நீ பண்ண தப்பையெல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போப்பா" என்றார். எல்லாவற்றையும் எழுதினால் அந்தக் கண்ணாடி அறைக்காரர்கள் என்னை உள்ளே விட மாட்டார்கள். எனவே ஒன்றே ஒன்று.

எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்த ஆயில் எத்தனை லிட்டர் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உங்களுக்கு வரப்போகும் வியாதியைப் பற்றித்தான் அதில் எதுவும் இல்லை. படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களைப் பிடிக்கும் வியாதி அது. எனக்கு முற்றிய நிலையில் இருந்தது.

ரேவதி மேடம் பெருங்களத்தூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். மென்பொருள் கம்பெனியில் பெரிய பொறுப்பு. கல்லூரியில் படித்த காலத்தில் சுவரில் படமாக ஒட்டி வைத்திருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, அதற்கு இருபது வயதான பிறகு வாங்கினார். இரண்டே சீட், துணிக் கூரை. மணிக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடக்கூடியது. பெருங்களத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு ஜி.எஸ்.டி. சாலையில் ஷேர் ஆட்டோவின் புகையைக் குடித்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் வந்து சேரும்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அந்தக் கார் சர்வீசுக்கு வந்தது. "பூஜை அன்னிக்கு பானெட்டைத் திறந்து வைக்கப்போறேன். இன்ஜின் கொஞ்சம் பளிச்னு இருக்கட்டும்" என்றார் மேடம். சாதாரண மனிதன் சோப்புத் தண்ணீரும் துணியும் எடுப்பான். நான் பி.இ. மெக்கானிக்கல்.

ஒரு சின்ன விஷயம், இது புரிந்தால் மீதிக் கதை புரியும். இன்ஜின் ஓடும்போது எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக வழுகி, கீழே ஆயில் இருக்கிற இடத்துக்கு இறங்கும். அது வெளியே போயாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலைக் கண்ட இடுக்கு வழியாகவும் வெளியே தள்ளும். அதற்காகவே அந்தக் காரைச் செய்தவர்கள் ஒரு கறுப்பு ரப்பர் குழாயைக் கொடுத்திருந்தார்கள். வாயுவை அது இன்ஜின் காற்று இழுக்கும் பாதைக்கே திருப்பி அனுப்பும். இருபது வருடமாக அந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த குழாய் அது. அது செய்த ஒரே குற்றம், பார்க்க அசிங்கமாக இருந்தது.

இரவல் அறிவாக நான்கைந்து வீடியோ பார்த்திருந்தேன். குழாயைக் கழற்றினேன். அதற்குப் பதிலாக ஒரு பளபளப்பான அலுமினிய டப்பா. வாயு அதற்குள் போகும், எண்ணெய்ப் பிசுக்கு அடியில் தங்கும், மீதி டப்பாவின் முகத்தில் இருக்கும் துளை வழியாக வெளியேறும். திருமுடிவாக்கத்தில் எனக்குத் தெரிந்த லேத்காரரிடம் டப்பாவைக் கடையக் கொடுத்தேன்.

"தொளை பத்து எம்.எம். போடட்டா?" என்றார் அவர்.

"அசிங்கமா இருக்கும்ணா. மூணு போதும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தொளையே வாணாம்னு வுட்டுட்டா இன்னும் அழகா இருக்குமே?"

அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

மூன்று எம்.எம். துளை, முகத்தின் நட்ட நடுவில். கறுப்புக் குழாய் கழன்ற இடத்தில், இன்ஜின் காற்றை இழுக்கும் பக்கத்தில், ஒரு வாய் திறந்து கிடந்தது. அதை அடைக்க ஒரு மூடி வேண்டும். மறுநாள் பூஜை. ஸ்டோரில் போய்க் கேட்கலாம், ஆனால் கேட்டால் அங்கே இருப்பவர் எதற்கு என்று கேட்பார். ஆபீஸ் அறையில் வாடிக்கையாளர் உட்காரும் இரும்பு நாற்காலி கண்ணில் பட்டது. அதன் காலுக்கு அடியில் போடும் ரப்பர் குப்பி ஒன்றைக் கழற்றினேன். அளவெடுத்துச் செய்தது போல அந்த வாயில் உட்கார்ந்தது. என் முதுகில் தட்டிக்கொடுக்க என்னைத் தவிர யாரும் இல்லாததால் நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பூஜை. பட்டறையில் மேடத்தின் கார் பானெட் திறந்து நிற்க, ஸ்பேனரும் ஜாக்கும் கம்பளத்தில் வரிசையாகப் படுத்திருக்க, சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார் முதலாளி. படித்த பையன் கையால் ஆரம்பிக்கட்டும் என்று. பேட்டரிக்கு ஒரு பொட்டு, ரேடியேட்டருக்கு ஒரு பொட்டு. என் டப்பா முன்னால் வந்ததும் மனது நிறைந்துவிட்டது. பொட்டு எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். நடுவை நானே துளையிட்டுக் காட்டியிருந்தேன். சந்தனத்தைக் கெட்டியாக எடுத்து அங்கே அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். அவ்வளவு அழகு. படம் எடுத்து என் ஸ்டேட்டஸில் போட்டேன்.

விடுமுறை முடியும்வரை கார் அசையவில்லை. சந்தனம் காய்ந்து கல்லாயிற்று. இங்கே ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் பார்ப்பீர்கள்: பூஜைப் பொட்டை யாரும் அழிக்க மாட்டார்கள். அது தானாக உதிர வேண்டும், அல்லது அடுத்த வருடப் பொட்டு அதன்மேல் ஏற வேண்டும். டயரில் காற்று பார்க்க மறப்பவன்கூட, கழுவும்போது பொட்டு இருக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாயைத் திருப்பிக்கொள்வான்.

ஒரு மாதம் கழித்து மேடம் வந்தார். வண்டியில் ஆயில் ஒழுகுகிறது. அவருடைய குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், பார்க்கிங் டைல்ஸில் விழுந்த கறையைப் படமெடுத்துச் சிவப்பு வட்டம் போட்டு, இருநூறு வீடுகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். மேடம் அன்றிலிருந்து காருக்கு அடியில் எவர்சில்வர் தாம்பாளம் வைக்க ஆரம்பித்தார்.

வேலை மோகன் அண்ணனிடம் போனது. முடிச்சூர்க்காரர். இங்கே பதினோரு வருடமாக ஃபிட்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை "இன்ஜினியரே" என்று கூப்பிடுவார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்கும்போது பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருக்கும். இன்ஜினின் மேல்மூடி, அதாவது டேப்பட் கவர், அதன் பேக்கிங் கசிந்திருந்தது. மாற்றினார். இரண்டு வாரத்தில் மறுபடி தாம்பாளம் நிறைந்தது. இந்த முறை முன்பக்கத்தில் ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையம், ஆயில் சீல். மாற்றினார். அதன்பின் ஐடிலிங்கும் கெட்டது. சிக்னலில் நின்றால் கார் குளிர் ஜுரக்காரன் போல உதறியது, இன்ஜின் வேகம் காட்டும் முள் ஏறி இறங்கியது, சில நேரம் அப்படியே அணைந்தது. நான் ஸ்கேனரை மாட்டினேன். காற்று அதிகமாகப் போகிறது என்று அது சொன்னது. எங்கேயிருந்து என்று தேடாமல் சென்சாரை மாற்றினேன். உதறல் அப்படியே இருந்தது. இன்னொரு சென்சாரை மாற்றினேன்.

அப்போதுதான் மோகன் அண்ணன், ஆயில் அளவு பார்க்கும் கம்பியைச் சுட்டிக் காட்டினார்.

"ஸ்டிக்கு எம்பிகினு கீது, பாரு இன்ஜினியரே. அமுக்கி வுட்டா திரும்பவும் எம்புது. உள்ள காத்து நிக்குது. வெளிய போவ வழி இல்லாமத்தான் ஆயிலத் தள்ளுது."

முழு நோயையும் அவர் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வண்டிக்கு வாயுத் தொல்லையாண்ணா? ஓமத் தண்ணி குடுப்போமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மோகன் அண்ணனும் லேசாகச் சிரித்தார். "குடு. நீதான டாக்டரு" என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போனார். அந்த டப்பாவை அவர் தொடவில்லை. ஒருத்தர் மாட்டியதை இன்னொருத்தர் கேட்காமல் பிரிப்பதில்லை என்பது இந்தப் பட்டறையின் மரியாதை. அதோடு, அதன்மேல் பொட்டு வேறு இருந்தது.

மூன்றாவது முறை பின்பக்க சீல். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் வேலை, இரண்டு நாள் முதுகு ஒடியும். அதுவும் பத்தே நாளில் கசிந்தது.

முதலாளி என்னை ஆபீஸுக்குள் கூப்பிட்டார். "ஒரே வண்டி, மூணு வாட்டி. எங்கப்பா தப்பு நடக்குது?"

"வொர்க்மேன்ஷிப் சார்" என்றேன்.

தமிழில் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. தமிழில் சொன்னால், மோகன் அண்ணன் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் இந்த மாதிரி இடங்களுக்குக் கையுறை போல; விரல் ரேகை பதியாது.

அன்று சாயங்காலம் பதினோரு வருட ஃபிட்டர் வாட்டர் வாஷுக்கு மாற்றப்பட்டார். "சனிக்கிழமை உக்காந்து பேசலாம், மோகன்" என்றார் முதலாளி. அந்தப் பேச்சு எதில் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். மோகன் அண்ணன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, "சீல நான் சரியாத்தான் போட்டன்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.  எனக்கு ஸ்கேனரில் பார்க்க ஏதோ இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேடம் ஆபீஸுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"சங்கத்துல ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க சார். அதுக்கப்புறம் இந்தக் கார் உள்ள வரக் கூடாதாம். வித்துடலாம்னு இருக்கேன்."

"அவசரப்படாதீங்க மேடம். முதல்ல உக்காருங்க" என்று முதலாளி இரும்பு நாற்காலியைக் காட்டினார்.

மேடம் உட்கார்ந்தார். நாற்காலி டக் என்று ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தார், டக் என்று இந்தப் பக்கம் வந்தது.

"இதுவும் என் வண்டி மாதிரியே ஆடுதே சார்" என்றார்.

"ரப்பர் போயிடுச்சு மேடம். எந்தக் கழுதை கழட்டிட்டுப் போச்சோ, மூணு மாசமாத் தேடறேன்."

அந்தக் கழுதை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

காலுக்கு அடியில் போடும் ரப்பர். தரையில் உட்காருவதற்காகச் செய்யப்பட்டது. அதை நான் கொதிக்கும் இன்ஜினில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறேன். இரண்டு மாதமாகக் கோளாறு எங்கே எங்கே என்று காரின் ஒவ்வொரு மூலையிலும் தேடியவன், நான் கை வைத்த ஒரே இடத்தில் தேடவே இல்லை. அதுதான் நான் சொன்ன வியாதி.

ஓடினேன். காரை ஸ்டார்ட் செய்து, கையைப் பின்பக்கமாக நுழைத்துத் தடவினேன். ரப்பர் வெடித்து, கிழிசல் வழியாக உஸ் என்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தேன். உதறல் நின்றது. விரலை எடுத்தேன், உதறியது. பிறகு அதே வேலையின் மறுமுனையை, என் அழகான டப்பாவைப் பார்த்தேன். பொட்டு அப்படியே இருந்தது. நகத்தை ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். ஒரே வில்லையாகக் கழன்று வந்தது. பின்னால் மூன்று எம்.எம். தடிமனில் எண்ணெய் ஊறிய ஒரு காம்பு. துளை புஸ் என்று மூச்சு விட்டது. எம்பி நின்ற கம்பியை அமுக்கினேன். அப்படியே இருந்தது.

ஒரு பேக்கிங். இரண்டு சீல். இரண்டு சென்சார். ஒரு கியர்பாக்ஸ். ஒரு மனிதர். எல்லாவற்றுக்கும் காரணமான வில்லை என் உள்ளங்கையில் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. அதைப் பாக்கெட்டில் போட்டேன்.

ஸ்டோரில் போய்ச் சரியான மூடி ஒன்று கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கும் கொடுத்திருப்பார்கள். மாட்டினேன். வெடித்த ரப்பரும் வில்லையோடு பாக்கெட்டுக்குள் போனது. கார் உதறாமல் ஓடியது. முதலாளியையும் மேடத்தையும் கூப்பிட்டேன்.

"வேக்யூம் லீக் சார். பழைய ரப்பர் ஒண்ணு வெடிச்சிருந்தது." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான்.

முதலாளியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம்? ரெண்டு மாசமா முடியாதத பத்து நிமிஷத்துல புடிச்சிட்டான். படிச்ச பையன்னா படிச்ச பையன்தான்."

"தேங்க் யூ சார்" என்றேன்.

"ஆயில்?" என்றார் மேடம்.

"அதுவும் இனிமே ஒழுகாது மேடம்."

"அப்போ மோகன் போட்ட சீலு?" என்று கேட்டார் முதலாளி.

"பாக்கலாம் சார்" என்றேன். பாக்கெட்டில் இருந்த வில்லை எடைக்கல் போலக் கனத்தது என்று எழுத ஆசைதான். அது கனக்கவே இல்லை. இருப்பதே தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது, இப்போது நினைத்தால்.

காரைக் கழுவி மேடத்திடம் கொடுத்தனுப்பச் சொன்னார்கள். வாஷில் மோகன் அண்ணன். மேடமும் முதலாளியும் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பானெட்டைத் திறந்து துடைத்தவர் நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது, டப்பா மேல இருந்த பொட்ட யாரு அழிச்சது?"

நான் ஸ்கேனர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"மேடமே வண்டிய வித்துரலாம்னு மனசு பேஜாராயிக் கீறாங்க. மூளியா அனுப்பக் கூடாது." கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் சாமி அலமாரிக்குப் போனார். உள்ளங்கையில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே வந்தார். கெட்டியாக, என்னைவிடக் கெட்டியாக. ஆள்காட்டி விரலில் வழித்து எடுத்து, டப்பாவின் முகத்தைப் பார்த்தார். நடு எது என்று அவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

விரல் துளையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் இன்னும் ஒரு மாதத்தில் தாம்பாளம் நிறையும். அதற்கு இவருடைய சீல்தான் காரணம் என்று ஆகும். நான் எதுவுமே சொல்ல வேண்டியதில்லை. "பாக்கலாம் சார்" என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.

"வைக்காதீங்கண்ணா!"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வண்டியில் வேலை செய்தவரின் ஸ்பேனர் கீழே விழுந்தது. மூன்று பேரும் திரும்பினார்கள்.

"ஏன்?" என்றார் மோகன் அண்ணன், விரல் அந்தரத்தில்.

பாக்கெட்டிலிருந்து வில்லையை எடுத்து, முன்சக்கரத்துக்கு மேலே ஃபெண்டரில் வைத்தேன். வெடித்த ரப்பரையும் பக்கத்தில் வைத்தேன். சொன்னேன். டப்பா, துளை, பூஜை, நாற்காலி, எல்லாவற்றையும். சொல்லும்போது ஆங்கிலம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

மனசாட்சி உறுத்தி நான் பேசினேன் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். மனசாட்சிக்கு அரை மணி நேரம் அவகாசம் இருந்தது, அது தூங்கிக்கொண்டிருந்தது. அந்த விரல் வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையை நீங்கள் வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள், படித்த பையன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்த கதையாக.

மேடம் வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா ரெண்டு மாசம் என் வீட்டுத் தாம்பாளம் வண்டிக்கு அடியில கெடந்தது?" என்றவர், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். முதலாளி ரப்பரை எடுத்து உருட்டிப் பார்த்து, "என் நாற்காலி" என்று மட்டும் சொன்னார்.

மோகன் அண்ணன் விரலில் இருந்த சந்தனத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் தன் நெற்றியிலேயே இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்ப மொத பேக்கிங்கு நான் சரியாத்தான் போட்டன்?"

"ஆமாண்ணா."

"ரெண்டாவது?"

"அதுவும் சரிதான்."

"கியர்பாக்ஸ எறக்கிப் போட்டது?"

"மூணுமே சரிண்ணா."

"சத்தமா சொல்லு இன்ஜினியரே. ஆபீஸ்ல எதுவோ இங்கிலீஷ்ல சொன்னியாமே, அதே சவுண்டுல சொல்லு. மொதலாளிக்குக் கேக்கட்டும்."

சொன்னேன். பட்டறை முழுவதும் கேட்கும்படி. முதலாளி, "பூட்ஸைக் கழட்டு மோகன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மோகன் அண்ணன் பூட்ஸைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து, என் காலடியில் வைத்தார். அந்த மாதம் முழுவதும் நான் வாட்டர் வாஷில் இருந்தேன். அது சரியான தீர்ப்பு. கறுப்புக் குழாய் பழைய இடத்துக்கே போனது. பார்க்க இன்றைக்கும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. அந்த வாரமே சங்கச் செயலாளர் டைல்ஸைக் குனிந்து பார்த்து ஏமாந்து போனாராம். மேடம் காரை விற்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு சந்தனக் கிண்ணம் மோகன் அண்ணன் கைக்குப் போனது. ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி என்னைக் கேட்டார்: "இன்ஜினியரே, இங்க தொளை கிளை எதுனா கீதா? இல்ல, ஓமத் தண்ணி வாங்கினு வரட்டா?" பன்னிரண்டு வண்டி. பன்னிரண்டு முறையும் நான் குனிந்து பார்த்துப் பதில் சொன்னேன்.

திங்கட்கிழமை உங்களை ஆபீஸில் உட்காரச் சொல்வார்கள். அந்த இரும்பு நாற்காலி டக் டக் என்று ஆடும். படித்தவர்கள், கை சும்மா இருக்காது; ரப்பர் ஒன்று வாங்கி மாட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். நான் இரண்டு முறை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு முறையும் மறுநாள் காலையில் மோகன் அண்ணன் கழற்றி, என் டூல் பாக்ஸில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.